கரையில் தூறல், மலையில் வெண்பனி: வான்கூவருக்குப் புதிதாக வந்தவர்களுக்கான புயல்கால வழிகாட்டி

வான்கூவருக்குப் போகிறேன் என்று சொன்னதுமே டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரர்கள், "கொடுத்து வைத்தவர், அங்கே ஸ்னோவே கிடையாதே" என்பார்கள். பாதி சரிதான். ஊருக்குள் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு. ஆனால் அக்டோபர் நடுவில் தொடங்கி மார்ச் வரை பசிபிக் பெருங்கடலிலிருந்து புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒரே புயல் ஸ்டீவ்ஸ்டன் கரையில் தூறலாகவும், சர்ரேயில் மரத்தைச் சாய்க்கும் காற்றாகவும், அபட்ஸ்ஃபோர்டில் வெள்ளமாகவும், விஸ்லரில் முழங்காலளவு வெண்பனியாகவும் இறங்கும். கைப்பேசி 'வான்கூவர், 6 டிகிரி, மழை' என்று காட்டுவதை மட்டும் நம்பி மலைப்பக்கம் காரை எடுத்தால், இரண்டு மணி நேரத்தில் வேறொரு பருவத்துக்குள் போய் நிற்பீர்கள்.

முதல் குளிர்காலத்தைச் சந்திக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே போகலாம்.

1. முதலில் பழக வேண்டிய எண்

வானிலை அறிக்கையைத் திறந்ததும் எத்தனை மில்லிமீட்டர் மழை என்றுதான் நாம் தேடுவோம். வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த பழக்கம். இங்கே அதைவிட முக்கியமானது 'ஃப்ரீசிங் லெவல்'. கடல்மட்டத்திலிருந்து எந்த உயரத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடுகிறதோ அந்த உயரம். உறைநிலை உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேலே போகப் போக 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும். உறைநிலை உயரத்துக்கு 200, 300 மீட்டர் கீழே வரைக்கும்கூடப் பனி உருகாமல் வந்து விழும். அதற்கும் கீழே மழைதான்.

இந்த எண்ணை ஊரின் உயரங்களோடு பொருத்திப் பாருங்கள். எஸ்எஃப்யூ பல்கலைக்கழகத்தின் பர்னபி வளாகம் சுமார் 365 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விஸ்லர் கிராமம் 670 சொச்சம். சைப்ரஸ், சீமோர் மலைகளின் கார் நிறுத்துமிடங்கள் 900 முதல் 1,000 வரை. உள்நாட்டுக்குப் போகும் கோக்கிஹாலா நெடுஞ்சாலையின் உச்சி 1,244. உறைநிலை உயரம் 600 என்று போட்டிருந்தால் சைப்ரஸில் நல்ல பனி, எஸ்எஃப்யூவில் பனியும் மழையும் கலந்த சொதசொதப்பு, கீழே மெட்ரோடவுனில் வெறும் மழை. 'இன்று வளாகம் மூடல்' என்று மலைமேலிருந்து மின்னஞ்சல் வரும்போது, கீழே பேருந்துக்காக நனைந்துகொண்டு நிற்கும் மாணவருக்கு நம்பவே முடியாது. அதுவே 2,500 என்று போட்டிருந்தால் 2,182 மீட்டர் உயரமுள்ள விஸ்லர் உச்சியிலும் மழைதான் பெய்யும். அன்று ஸ்கீ (பனிச்சறுக்கு) டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால் மலைதான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதும் தென்மேற்குக் காற்று வால்பாறையைக் குளிப்பாட்டிவிட்டுக் கோவைக்கு வரும்போது ஈரமில்லாமல் வருகிறதே, அதே கதை. பசிபிக் ஈரக்காற்று வான்கூவருக்கு வடக்கே நேராக எழும்பி நிற்கும் மலைகளில் ஏறிக் குளிர்ந்து கொட்டிவிடும். விமான நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை. பாலத்தைத் தாண்டி நார்த் வான்கூவரின் மலையடிக்குப் போனால் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலைகளுக்குப் பின்னால் இருக்கும் கம்லூப்ஸில் 300கூடத் தேறாது.

வீடு பார்க்கும்போதே இது உதவும். டீப் கோவ், லின் வேலி எல்லாம் அழகான இடங்கள்தான், ஆனால் மழையைக் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள். ரிச்மண்டும் டெல்டாவும் மழை குறைந்தவை, ஆனால் தாழ்வான நிலம்.

இன்னொன்று. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ., விமான நிலையக் கணக்கைவிட அதிகம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மி.மீ. கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு இங்கே 'கனமழை 60 மி.மீ.' என்பது சிரிப்பாக இருக்கும். சிரிக்க வேண்டாம். இங்கே அந்த 60, வாரக்கணக்காக நனைந்து ஊறிய மண்மேல், செங்குத்தான சரிவில், பனி மூடிய மலைமேல் விழுகிறது. அளவு சின்னதாக இருந்தாலும் விளைவு பெரிது.

2. எந்த வகைப் புயல் வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்

வருவது மூன்று வகை. மூன்றுக்கும் தயாராக வேண்டிய விதம் வேறு.

முதல் வகை வளிமண்டல ஆறு. ஹவாய்ப் பக்கமிருந்து நீண்ட பட்டையாக வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று. 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற பேரைச் செய்திகளில் கேட்பீர்கள். டிசம்பரிலும் வெப்பநிலை 10, 12 டிகிரிக்கு ஏறும், உறைநிலை உயரம் 2,500ஐத் தொடும், இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். ஏற்கெனவே மலையில் விழுந்திருக்கும் பனியும் உருகி மழையோடு சேர்ந்து ஆற்றுக்கு வரும். இந்த ஊரில் நான் உண்மையாகவே பயப்படுவது இதற்குத்தான்.

2021 நவம்பர் 13 முதல் 15 வரை வந்ததும் இதுவே. அந்தக் கோடையில் காட்டுத்தீயில் எரிந்த சரிவுகள் தண்ணீரைப் பிடித்துவைக்கவில்லை. கோக்கிஹாலா நெடுஞ்சாலை 20 இடங்களில் சிதைந்தது, சில இடங்களில் பாலங்களே போயின. லில்லூயட் அருகே 99ஆம் நெடுஞ்சாலையில் மண்சரிவில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஏழாம் நெடுஞ்சாலையில் இரண்டு சரிவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சுமார் 300 பேரை ஹெலிகாப்டரில் தூக்கிவந்தார்கள். மெரிட் நகரத்தில் கழிவுநீர் நிலையம் செயலிழந்து, சுமார் 7,000 பேர் ஊரையே காலி செய்ய வேண்டி வந்தது. அமெரிக்கப் பக்கமிருந்து கரை மீறிய நூக்சாக் ஆறு எல்லை தாண்டி அபட்ஸ்ஃபோர்டின் சூமாஸ் சமவெளியை நிரப்பியது. நூறு வருடத்துக்கு முன்பு வடிக்கப்பட்ட ஏரியின் படுகை அது. தண்ணீர் பழைய இடத்தைத் தேடி வந்துவிட்டது. சில நாட்களுக்கு வான்கூவரிலிருந்து கனடாவின் மற்ற பகுதிகளுக்குச் சாலையும் இல்லை, ரயிலும் இல்லை. பெட்ரோல் ஒரு தடவைக்கு 30 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அதே புயலில் இங்கிலீஷ் பே கரையில் தரைதட்டிய ஒரு சரக்குப் படகு கிட்டத்தட்ட ஒரு வருடம் அங்கேயே கிடந்தது. மக்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

இரண்டாவது வகை, அலாஸ்கா வளைகுடாவிலிருந்து இறங்கும் குளிர்ந்த தாழ்வழுத்தம். முதலில் தென்கிழக்குக் காற்றோடு மழை வரும். குளிர்காற்றின் முன்விளிம்பு, அதாவது குளிர்முகப்பு, கடந்ததும் காற்று மேற்குக்குத் திரும்பும், உறைநிலை உயரம் சில மணி நேரத்தில் 1,800இலிருந்து 700க்கு விழும், மலையில் பனி கொட்டும். கீழே இடையிடையே வெயில்கூட அடிக்கும். ஸ்கீ போகிறவர்கள் காத்திருப்பது இந்த நேரத்துக்குத்தான். மின்சாரம் பெரும்பாலும் போவதும் இவ்வகைப் புயலின் காற்றில்தான்.

மூன்றாவது, உள்நாட்டிலிருந்து வரும் ஆர்க்டிக் குளிர். ஃப்ரேசர் பள்ளத்தாக்கு வழியாகவும் ஹவ் சவுண்ட் வழியாகவும் உறைகாற்று கடலை நோக்கி வழியும். 'அவுட்ஃப்ளோ' என்பார்கள். இரண்டு மூன்று நாள் பளிச்சென்ற நீலவானமும் நடுக்கும் குளிரும் இருக்கும். அதன்மேல் ஒரு பசிபிக் புயல் ஏறும்போதுதான் கடற்கரை வரை பனி விழும். பிறகு அது மழையாக மாறி எல்லாம் சேறாகும். சில்லிவாக், அபட்ஸ்ஃபோர்ட் பக்கம் குளிர்காற்று கடைசி வரை தரையோடு ஒட்டிக்கிடப்பதால் அங்கே உறைமழை பெய்யும். மழைத்துளி விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக இறுகும். உறைமழை எச்சரிக்கை இருந்தால் காரைத் தொடாதீர்கள். விண்டர் டயருக்கும் அது அடங்காது.

3. எங்கே பார்ப்பது

கைப்பேசியோடு வரும் வானிலைச் செயலி போதாது. மத்திய அரசின் வானிலைத் துறையான என்விரான்மென்ட் கனடாவின் 'வெதர்கேன்' செயலியை இறக்கி, நீங்கள் வசிக்கும் ஊருக்கு அறிவிப்பை இயக்கி வையுங்கள். 2025 நவம்பரிலிருந்து எச்சரிக்கைகளை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வைத்துத் தருகிறார்கள். குளிர்காலத்தில் மஞ்சள் அடிக்கடி வரும். பார்த்துவிட்டு வேலையைத் தொடரலாம். ஆரஞ்சு என்றால் அன்றைய திட்டத்தை மாற்றுங்கள்.

ஆற்றோரம் இருப்பவர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா (பிசி) மாகாணத்தின் ரிவர் ஃபோர்காஸ்ட் சென்டர் தரும் வெள்ள அறிவிப்பையும் பார்க்க வேண்டும். 'ஹை ஸ்ட்ரீம்ஃப்ளோ அட்வைசரி', 'ஃப்ளட் வாட்ச்', 'ஃப்ளட் வார்னிங்' என்று மூன்று படி. கடைசியில் இருப்பதுதான் மிகத் தீவிரம்.

வெளியேற்ற அறிவிப்பிலும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'இவாக்குவேஷன் அலர்ட்' என்றால் பையைக் கட்டித் தயாராக இரு என்று பொருள். 'ஆர்டர்' என்றால் உடனே கிளம்ப வேண்டும், பேச்சே இல்லை. ஆர்டரில் வெளியேறியவர்களுக்கு முதல் சில நாள் தங்கவும் சாப்பிடவும் மாகாண அரசின் அவசர உதவி கிடைக்கும். பதிவு செய்துகொள்ளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் வயிறு இருக்கிறது.

4. பேஸ்மென்ட் வீடு

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் குடியேறுவது சர்ரே, பர்னபி, கிழக்கு வான்கூவர் வீடுகளின் பேஸ்மென்டில்தான். வாடகை குறைவு, கடைகள் பக்கம், வீட்டுக்காரர்கள் மேலேயே இருப்பார்கள். ஆனால் புயல்காலத்தில் தண்ணீர் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

வெளியிலிருந்து உங்கள் கதவுக்கு இறங்கும் ஐந்தாறு சிமென்ட் படிகளைப் பாருங்கள். கடைசிப் படிக்கும் கதவுக்கும் நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான ஒரு வடிகால் மூடி இருக்கும். வீட்டின் பாதுகாப்பு முழுக்க அந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது. நவம்பரில் மேப்பிள் இலைகள் காற்றில் பறந்து வந்து படிக்கட்டுக் குழிக்குள் சுழன்று, ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, ரப்பர் பாய் போட்டதுபோல் மூடியை அடைத்துவிடும். மேலே ஒரு தண்ணீர்ப் படலம் நிற்கும். அது கதவின் கீழ்ப்பலகை உயரத்துக்கு வர ஒரு இரவு மழை போதும். கையுறை போட்டுக்கொண்டு இலைகளை அள்ளி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குடகுடவென்று இறங்கினால் சரி. தயங்கித் தயங்கி இறங்கினால் குழாயின் உள்ளே அடைப்பு இருக்கிறது. அன்றைக்கே வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள், புகைப்படத்தோடு. வாய்ப்பேச்சு பின்னால் நினைவிருக்காது, வாட்ஸ்அப் செய்தி இருக்கும்.

அடுத்தது தெருவோரச் சாக்கடை மூடி. மாநகராட்சி ஆட்கள் எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் வர முடியாது என்பதால், வீட்டு முன்னால் இருக்கும் மூடியிலிருந்து இலைகளை ஒதுக்கிவிடும்படி அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். நடைபாதையில் நின்றபடி வாரியால் இழுத்தால் போதும். மூடியைத் தூக்க வேண்டாம்.

குடியிருப்போர் காப்பீடு இல்லாமல் பேஸ்மென்டில் இருக்காதீர்கள். வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்கு. உங்கள் மெத்தைக்கும் மடிக்கணினிக்கும் அது பொருந்தாது. வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: சாக்கடை பின்னோக்கி வந்தால் ஈடு உண்டா, வெளியிலிருந்து வெள்ளம் புகுந்தால் உண்டா? இரண்டும் தனித்தனிச் சேர்க்கைகளாக இருப்பதே வழக்கம். பாஸ்போர்ட், குடிவரவுக் கடிதங்கள், பட்டச் சான்றிதழ், நகைகளைக் கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியில் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

5. காற்றும் கரண்டும்

இங்குள்ள மரங்கள் நம் ஊர் உயரம் இல்லை. ஹெம்லாக், சீடர், டக்ளஸ் ஃபிர் எல்லாம் பத்துமாடி உயரத்தில் நிற்கும். மண் ஊறிப்போயிருக்கும் நேரத்தில் காற்று மணிக்கு 80, 90 கி.மீ. அடித்தால் வேரோடு சாயும், மின்கம்பியை இழுத்துக்கொண்டு. 2006 டிசம்பரில் ஒரே இரவில் ஸ்டான்லி பூங்காவில் சுமார் 10,000 மரங்கள் விழுந்தன. 2018 டிசம்பர் 20 புயலில் ஒயிட் ராக் கடற்பாலம் நடுவில் ஒடிந்தது, ஏழரை லட்சம் மின் இணைப்புகள் போயின.

மாகாண மின் நிறுவனமான பிசி ஹைட்ரோவின் மின்தடை வரைபடத்தைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். கைப்பேசியிலிருந்து *49376 அழுத்தினால் புகார் சொல்லலாம். அறுந்த கம்பி கிடந்தால் 10 மீட்டராவது, அதாவது ஒரு பேருந்தின் நீளம், தள்ளி நின்று 911 கூப்பிடுங்கள். கம்பியில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கரண்ட் போனால் நம்மவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்து பழக்கம்தான். இங்கே சிக்கல் வேறு: வெளிச்சத்தோடு சூடும் போய்விடும். அடுக்குமாடிகளில் சுவரோரச் சூடேற்றிகள் மின்சாரத்தில் ஓடுகின்றன. கேஸ் ஃபர்னஸ் வைத்த வீட்டிலும் காற்றைத் தள்ளும் விசிறிக்குக் கரண்ட் வேண்டும். ஆகவே எல்லோரும் ஒரே அறையில் கம்பளியோடு இருங்கள். தயவுசெய்து பார்பெக்யூ அடுப்பையோ கேம்பிங் ஸ்டவ்வையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

சமையலறையில் ரைஸ் குக்கர், மிக்ஸி, மின்னடுப்பு மூன்றும் ஒன்றாகப் போய்விடும் என்பதை நினைத்து ஒரு டப்பா நிறையச் சமைக்காமல் சாப்பிடுவதற்கான பொருட்களை வையுங்கள். அவல், பொட்டுக்கடலை, ரொட்டி, நிலக்கடலை வெண்ணெய், டின் மீன், முறுக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று மூன்று நாளுக்காவது. குளிர்பெட்டியைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதிதான் இருந்தால் ஒரு நாள். மாவு அரைத்து வைத்தவர்கள் அதைப் பால்கனிக்கு மாற்றலாம். ஜனவரியில் அதுவே ஒரு குளிர்பெட்டி. கராஜ் கதவின் மேல் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கையால் திறக்க முடியும். கரண்ட் இருக்கும்போதே ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

சாலையில் சிக்னல் அணைந்திருந்தால் நாலு பக்கமும் நின்று போக வேண்டிய சந்திப்பாக அதை நடத்த வேண்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார்.

கடற்கரைக்குப் 'புயல் பார்க்க' போகும் வழக்கம் இங்கே உண்டு. பார்க்கலாம், தள்ளி நின்று. டிசம்பர், ஜனவரியில் கடல் ஏற்றம் ஆண்டின் உச்சத்தில் இருக்கும்போது புயலும் சேர்ந்தால், கரையில் கிடக்கும் பெரிய மரத்தடிகளை அலை தூக்கி எறியும். 2022 ஜனவரியில் ஸ்டான்லி பூங்காவின் கடற்சுவர்ப் பாதையைப் பெயர்த்துப் போட்டது அப்படிப்பட்ட ஒரு நாள்தான். விக்டோரியாவுக்கோ நனைமோவுக்கோ போகிறவர்கள் கிளம்பும் முன் பிசி ஃபெரீஸ் பக்கத்தைப் பாருங்கள். பலத்த காற்றில் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள்.

6. உடுப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். கனமான குளிர்க்கோட்டு டொராண்டோவுக்கு. இங்கே தண்ணீர் புகாத, தொப்பியோடு கூடிய மழை ஜாக்கெட்டில் காசைப் போடுங்கள். உள்ளே மெல்லியதாக இரண்டு அடுக்கு. பருத்தி நனைந்தால் காயாது, ஜீன்ஸும்தான். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும். பேருந்து நிறுத்தக் குப்பைத்தொட்டிகளில் நவம்பர் முழுக்க உடைந்த குடைகள் நீட்டிக்கொண்டிருக்கும். டிசம்பரில் மாலை நாலே காலுக்குச் சூரியன் மறைந்துவிடும், ஜாக்கெட் கறுப்பாக இருந்தால் ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் ஒரு பட்டையைப் பையில் கட்டுங்கள்.

7. கார்

அக்டோபர் 1 முதல் விஸ்லர் போகும் சாலை, கோக்கிஹாலா, ஹோப்–பிரின்ஸ்டன் சாலை போன்றவற்றில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். சில சாலைகளுக்கு மார்ச் 31 வரை, உயர்ந்த கணவாய்களுக்கு ஏப்ரல் 30 வரை. டயரின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' என்றோ, மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னமோ இருக்க வேண்டும். டயரின் வரிப்பள்ளம் குறைந்தபட்சம் 3.5 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். சட்டத்துக்கு எம்+எஸ் போதும். ஆனால் பனியில் நிற்க வேண்டுமென்றால் பனிப்பூச் சின்னம் உள்ளதை வாங்குங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் "வின்டர் டயர் இருக்கு" என்று விற்பவர் சொன்னால் குனிந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். டயர் மாற்றும் கடைகளில் முதல் பனி விழுந்த அன்று வரிசை தெரு வரை நிற்கும். செப்டம்பரிலேயே முன்பதிவு செய்யுங்கள்.

நெடுஞ்சாலைக்குக் கிளம்பும் முன் மாகாண அரசின் சாலைத் தகவல் தளமான டிரைவ்பிசியைத் திறந்து சாலைக் கேமராக்களைப் பாருங்கள். எழுதிய வானிலைக் குறிப்பைவிட அந்தப் படத்தைத்தான் நான் நம்புவேன். கோக்கிஹாலா உச்சியின் கேமராவில் சாலைக் கோடுகள் தெரிகின்றனவா, கார்கள் ஓடிய இரண்டு தடம் மட்டும் கறுப்பாக இருக்கிறதா, முழுக்க வெள்ளையா? கோடு தெரியவில்லை என்றால் அவசரமில்லாத பயணத்தை நாளைக்கு மாற்றுங்கள். ஹோப் ஊரில் மழை பெய்கிறது என்பதால் மேலேயும் மழை என்று எண்ண வேண்டாம். அங்கிருந்து உச்சிக்கு அரை மணி நேரம்தான், ஆனால் 1,200 மீட்டர் ஏற்றம். முதலில் சொன்ன '1,000 மீட்டருக்கு 6 டிகிரி' கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால் 7 டிகிரி குறையும்.

காரில் கம்பளி, கைவிளக்கு, தண்ணீர், கொறிக்க ஏதாவது, கைப்பேசி சார்ஜர், சின்ன மண்வெட்டி. பெட்ரோலைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். கண்ணாடி கழுவும் திரவம் உறையாத வகையாக இருக்கட்டும். பகலிலும் முன்விளக்கும் பின்விளக்கும் சேர்ந்து எரியும்படி விளக்கைப் போடுங்கள். தானாக எரியும் பகல் விளக்கில் பல கார்களுக்குப் பின்விளக்கு எரியாது.

8. ஊருக்குள் பனி விழுந்தால்

வருடத்தில் சில நாட்கள்தான், ஆனால் ஊரே தடுமாறும். சர்ரே, பர்னபி, கோக்விட்லம் எல்லாம் மேடும் பள்ளமும். பனி ஈரமாக விழுந்து உடனே சறுக்கும். 2022 நவம்பர் 29 மாலை அலெக்ஸ் ஃப்ரேசர் பாலத்துப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களில் சிலர் வீடு சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. மதியம் பனி என்று எச்சரிக்கை இருந்தால் காலையிலேயே வீட்டிலிருந்து வேலை செய்ய மேலாளரிடம் கேளுங்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். போக வேண்டியிருந்தால் ஸ்கைட்ரெயின் என்ற நகர ரயில். மெதுவாக வந்தாலும் வரும். நீளப் பேருந்துகள்தான் மேட்டில் சறுக்கி குறுக்கே நின்றுவிடும்.

வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்வது அங்கே குடியிருப்பவர் பொறுப்பு. வான்கூவரிலும் சர்ரேயிலும் காலை 10 மணிக்குள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் இந்த வேலை யார் தலையில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பனியை உருக்கத் தூவும் உப்பை அக்டோபரிலேயே ஒரு பை வாங்கி வையுங்கள். 2017 ஜனவரியில் கடைகளில் உப்பு தீர்ந்து, தீயணைப்பு நிலையங்களில் இலவசமாகக் கொடுத்த உப்புக்கு மக்கள் முண்டியடித்தார்கள்.

9. மலைக்குப் போகும் நாள்

பனியைத் தொட்டுப் பார்க்க எல்லோருக்கும் ஆசை இருக்கும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். குளிர்முகப்பு கடந்த மறுநாளைத் தேர்ந்தெடுங்கள்: உறைநிலை உயரம் 800க்குக் கீழே, மழை நின்றிருக்க வேண்டும். வயதானவர்களோடு என்றால் கிரவுஸ் மலை வசதி. கீழே காரை விட்டுவிட்டுக் கம்பியில் தொங்கிப் போகும் கோண்டோலாவில் ஏறலாம், பனிச்சாலையில் ஓட்ட வேண்டியதில்லை. சைப்ரஸுக்கும் சீமோருக்கும் குளிர்கால டயரோடு நீங்களே ஓட்ட வேண்டும், நல்ல நாட்களில் கார் நிறுத்த முன்பதிவு தேவைப்படலாம். மலை என்றால் பனி நிச்சயம் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்கு சைப்ரஸில் பனி போதாமல் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்ட வேண்டியிருந்தது.

வேலி போட்ட, கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள். புயலுக்கு அடுத்த ஓரிரு நாளில்தான் புதுப்பனி சரியும் அபாயம் அதிகம். கோடையில் குழந்தைகளோடு நடந்த அதே பாதையும் இப்போது வேறு இடம். பனிச்சரிவு முன்னறிவிப்பு தரும் அவலாஞ்ச் கனடா அமைப்பு தினமும் 1 முதல் 5 வரை அபாய எண் தருகிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி இல்லாதவர்கள் ஸ்கீ மையத்தின் எல்லைக்குள்ளேயே இருப்பது நல்லது.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கீழே இருக்கும் ஒருவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் போங்கள். கைப்பேசியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று கட்டாயம். மூன்றரை மணிக்கே காட்டுக்குள் இருட்டத் தொடங்கும். வழி தவறினால் கீழே இறங்கினால் ஊர் வரும் என்று ஓடைவழியே இறங்காதீர்கள். இந்த மலைகளில் ஓடைகள் செங்குத்துப் பாறையில் போய் முடியும். நின்ற இடத்திலேயே நின்று 911 அழையுங்கள். தேடி வரும் நார்த் ஷோர் ரெஸ்க்யூ குழுவினர் தன்னார்வலர்கள், மீட்புக்குக் கட்டணம் கிடையாது. பில் வருமோ என்ற பயத்தில் இருட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.